ஆத்தா தொட்ட பிள்ளை

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். பெயர் எடுத்தாயிற்று, இனி அடக்கிப் பேசி யாருக்கு என்ன லாபம்? நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

துடியலூருக்கு வடக்கே, மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். என் மகள் பழனியாத்தாளுக்கு ஆறு வயதில் அம்மை வார்த்தது. அந்த வருஷம் மழையும் இல்லை, சோளமும் இல்லை, அம்மை மட்டும் ஒரு வீடு தவறாமல் வந்தது. பிள்ளையை வேப்பிலையில் படுக்க வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "ஆத்தா, ஆத்தா" என்றே கூப்பிட்டு, கேட்ட இளநீரையும் மோரையும் கொடுத்து, ஒரு வழியாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். உயிர் தங்கியது. கண் இரண்டும் போய்விட்டன. கண்ணுக்குள்ளேயே முத்துப் போட்டுவிட்டது என்றார்கள்.

நான் அழுத அழுகையைச் சொல்லப் போவதில்லை. அழுது முடித்தாலும் அடுப்பு மூட்ட வேண்டும் அல்லவா. பிள்ளையும் எழுந்து நடக்கத்தான் செய்தாள். முதலில் சுவரைத் தடவிக்கொண்டு முன்பக்க ஆசாரத்திலிருந்து அடுப்படிக்கு வந்தாள். கொஞ்ச நாளில் சுவரை விட்டுவிட்டாள். தண்ணீர்க்குடம் எங்கே, உப்புச் சட்டி எங்கே எல்லாம் தெரியும். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குப் போய் எருமைக் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருப்பாள். வீட்டுக்குள் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வாசலைத் தாண்டினால்தான் குறை.

வாசலுக்கு வெளியே இருந்தது பேயோ பூதமோ இல்லை, ஊர்ப் பிள்ளைகள். ஆறு வயது, ஏழு வயது, எட்டு வயது. அம்மைக்கு முன்னால் அவளோடு புழுதியில் புரண்டவர்கள். இப்போது அவள் கையை நீட்டிக்கொண்டு நடப்பதைப் போல நடந்து காட்டிச் சிரித்தார்கள். அவள் வருகிற வழியில் சத்தமில்லாமல் காலை நீட்டி வைத்தார்கள். ஒருநாள் மணியக்காரர் மகன் தம்பிதுரை கடலை என்று சொல்லி ஆட்டுப் புழுக்கையை அவள் கையில் கொடுத்திருக்கிறான். அவள் வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு நான் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டேன். அந்தந்த வீட்டுத் தாய்மார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "கொழந்தைக தானுங்க அக்கா, தெரியாமப் பண்ணிப்போட்டுதுக" என்றார்கள். என்ன தெரியாது? கடலைக்கும் புழுக்கைக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. மணியக்காரர் வீட்டம்மாள் மட்டும், "உங்கட புள்ளையை ஊட்டுக்குள்ளயே வெச்சுக்குங்க, ராசாத்தா" என்று நேராகச் சொன்னாள். அவளாவது மனதில் இருந்ததைச் சொன்னாள்.

தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்தால் பிள்ளை என்மேல் கோபமாக இருந்தாள்.

"நீ எதுக்கும்மா சண்டைக்குப் போனே? இனி அவங்க எல்லாரும் அக்கட்டால போயி வெளையாடுவாங்க. எனக்குச் சத்தங்கூடக் கேக்காது."

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒரு பிள்ளை வாசலில் நின்று "வாடி வெளையாடலாம்" என்று கூப்பிட வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கண் திரும்ப வேண்டும் என்று நான் எந்தச் சாமியிடமும் கேட்கவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். இந்த ஒன்று வரும் என்று நம்பினேன், ஏனென்றால் இது மனிதர்களால் ஆகிற காரியம்.

பிள்ளையார் கோயிலை ஒட்டி ஓலைக் கொட்டகையில் பள்ளிக்கூடம் நடந்தது. வாத்தியார் பெயர் திருமலைசாமி. பீளமேட்டு நாயுடு வீட்டுப் பையன். கூடப் பிறந்தவர்கள் எல்லாம் மில்லுக்குப் போக, இவர் மட்டும் கோயமுத்தூரில் வாத்தியார் டிரெயினிங் படித்துவிட்டு எங்கள் ஊர்ப் புழுதிக்கு வந்து சேர்ந்தார். நல்ல மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததைக் கேட்டால் யாருக்கும் அவர் மேல் ஆத்திரம்தான் வரும். எனக்கும் வந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, எம்பட புள்ளையைப் பள்ளிக்கோடத்துல உக்கார வெச்சுக்குங்க" என்று போய்க் கேட்டேன்.

அவர் தயங்கினார். "கண்ணு தெரியாத கொழந்தைக்கு நான் என்னத்தைங்க சொல்லித் தாரது?"

"அவளுக்கு ஒண்ணும் சொல்லித்தர வேண்டாமுங்க. மத்த புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுங்க. அவகூட எப்படி இருக்கறதுன்னு."

சாக்கட்டியைக் கையில் உருட்டினார். "இதை எங்களுக்கு டிரெயினிங்குல ஆரும் சொல்லித் தரலீங்க அம்மணி" என்றார். "அனுப்பி வைங்க. பாக்கலாம்."

பிள்ளை போன சில நாளிலேயே அவர் ஒரு வேலை செய்தார். காலையில் பிள்ளைகள் எல்லோரையும் தங்கள் தங்கள் துண்டாலும் கிடைத்த துணியாலும் கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். "இன்னைக்குப் பழனியாத்தாதான் சட்டாம்பிள்ளை. அவ சொல்றபடி கோயிலைச் சுத்தி நடந்து வந்து அவங்கவங்க எடத்துல உக்காரணும்" என்றார். நான் மோர் கொடுக்கிற சாக்கில் போய் வேலிப் பக்கம் நின்று பார்த்தேன்.

பார்க்க வேண்டிய காட்சி அது. ஊரையே ஓட ஓட விரட்டுகிற பயல்கள் எல்லாம் இரண்டடி வைக்க முடியாமல் கொட்டகைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்று தூணில் முட்டிக்கொண்டு அழுதது. தம்பிதுரை உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. என் மகள்தான் அவன் மூச்சுச் சத்தத்தை வைத்து அவனிடம் போனாள்.

"காலைத் தூக்காதடா, தேச்சுக்கிட்டே வா. மண்ணு சுட்டா நீ வெளியில வந்துட்டீன்னு அர்த்தம். குளுந்தா கொட்டாய்க்குள்ள இருக்கே."

அவன் கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு நடத்திப் போனாள். வண்டிக்கார வெங்கடம்மாளின் மகள் வெங்கடலட்சுமி அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள், அவளைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி. வாத்தியார் வேலிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குக் கண்ணீர் மறைத்தது.

அதற்குப் பிறகு சில நாள் பிள்ளை வீட்டுக்கு வந்த வரத்தே வேறு. முழங்கால் சிராய்த்திருக்கும், தலை முழுக்க மண். ஒருநாள் வாசலில் இருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "அம்மா, வெங்கடலட்சுமி என்கூடக் காய் உட்டுட்டா. இனிப் பேசவே மாட்டாளாம்." கல்யாணச் செய்தி சொல்கிற குரலில் சொன்னாள். காய் விடுவதற்கு முதலில் சிநேகமாக இருந்திருக்க வேண்டுமே. அன்றைக்கு அவளுக்கு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் வார்த்து, ராகிக் களியில் நெய் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன்.

அதோடு நல்ல காலம் முடிந்தது.

தம்பிதுரை பள்ளிக்கூடத்து விளையாட்டை வீட்டிலும் விளையாடியிருக்கிறான். கண்ணைக் கட்டிக்கொண்டு போய் வேலியில் விழுந்தான். கிளுவை முள் இமைக்கு மேலே கோடு கிழித்தது. கோடுதான், ஒரு சொட்டு ரத்தம். மறுநாள் காலையில் மணியக்காரர் செங்கோட்டையன் பின்னால் ஆட்களோடு கொட்டகைக்கு வந்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் வெட்ட வந்தாலும் "ங்க" போட்டுத்தான் வெட்டுவார்கள்.

"ஏனுங்க வாத்தியாரே, கண்ணு நல்லா இருக்கற கொழந்தைகளைக் குருடாட்டம் நடக்கச் சொல்றீங்களே. ஆத்தா அதைப் பாத்துட்டு, அப்படியே ஆகட்டும்னு சொல்லிப்போட்டா நாங்க என்னங்க பண்றது? இனி ஒருக்கா இந்த வேலை நடந்துதுன்னா, கொட்டாய்க்குப் பூட்டுப் போட்டுப்போடுவமுங்க."

வாத்தியாரால் என்ன செய்ய முடியும்? கண் கட்டுவது நின்றது. அதோடு போகவில்லை. வீட்டுக்கு வீடு பிள்ளைகளிடம், அவள் கையைத் தொடாதே, ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிவைத்தார்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், பெரியவர்கள் சொல்லாததையும் புரிந்துகொண்டார்கள். முன்னால் விளையாட்டாகச் செய்ததை இப்போது உத்தரவு கிடைத்த மாதிரி செய்தார்கள். தூர நின்று கல்லும் எறிந்தார்கள். ஒருநாள் "இக்கட்ட வா, இக்கட்ட வா" என்று பாட்டுப் பாடிக் கூட்டிக்கொண்டு போய்க் கள்ளி வேலிக்குள் விட்டார்கள். நான் விளக்கெண்ணெய் தடவி ஒவ்வொரு முள்ளாக எடுக்கும்போது, "நாந்தாம்மா தெரியாமப் போயிட்டேன், நீ ஆரையும் கேக்காதே" என்றாள். நான் கேட்கவில்லை. வாத்தியார் கேட்டார்.

அவருக்கு அவ்வளவு கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து இரண்டு பேரைப் பிரம்பால் விளாசியிருக்கிறார். அடித்தும் ஆத்திரம் தீராமல் இதைச் சொன்னார்:

"இவ கண்ணை ஆத்தா சும்மா எடுத்துக்கிட்டான்னு நெனைக்காதீங்க. தன்கிட்ட வெச்சிருக்கா. இவ ஆத்தா தொட்ட புள்ளை. இவளை நோக வெச்சா ஆத்தாளையே நோக வெச்ச மாதிரி. அப்பறம் ஆத்தா உங்களுக்கு என்ன குடுப்பாளோ, எனக்குத் தெரியாது."

அவருக்கு ஆத்தா மேல் பயமும் கிடையாது, பெரிய பக்தியும் கிடையாது. மில் சங்கு கேட்டு வளர்ந்தவர். அதனால்தான் அந்த வார்த்தையை அத்தனை சுலபமாக எடுத்து வீசினார். கேட்டவர்கள் வேப்பிலையில் படுத்து எழுந்த பிள்ளைகள். கூடப் பிறந்தது போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிள்ளைகள்.

மறுநாளிலிருந்து என் மகள் மேல் ஒரு கல் விழவில்லை. நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன். வாத்தியாருக்கு ஒரு பெரிய அரசாணிக்காயும் தட்டைப்பயறும் கொடுத்தனுப்பினேன்.

பத்து நாள்கூட இருக்காது, பிள்ளை சாப்பிடும்போது சொன்னாள்: "அம்மா, நான் கிட்டப் போனா எல்லாரும் எந்திரிச்சு நின்னுக்கறாங்க."

"நல்லதுதானே கண்ணு, வழி உடறாங்க."

"உக்காரச் சொன்னாலும் உக்கார மாட்டேங்கறாங்கம்மா. பாய்ல நான் உக்காந்தா பாய் பூராவும் நான் மட்டுந்தான்."

போய்ப் பார்த்தேன். நடுப்பாயில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் அரளிப்பூ கிடந்தது. வெளியே போகிற பிள்ளை, உள்ளே வருகிற பிள்ளை எல்லாம் அவளை ஒரு சுற்றுச் சுற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனது. வெங்கடலட்சுமியும் போட்டுக்கொண்டாள். வாத்தியார் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சண்டை இல்லாததே அவருக்குப் போதும் போலிருந்தது.

அந்த வாரம் தம்பிதுரை வீட்டு வெள்ளாடு காணாமல் போனது. அவன் இவளிடம் வந்து கை கட்டிக்கொண்டு கேட்டான். இவள் விளையாட்டுக்கு, "கெணத்து மேட்டுல போயிப் பாரு" என்றாள். எங்கள் ஊரில் காணாமல் போன ஆடு கிணற்று மேட்டில்தான் நிற்கும், ஏனென்றால் அங்கேதான் கொஞ்சம் பச்சை உண்டு. இது கண் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஆடு அங்கே நின்றது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு, பாலுசாமிக் கவுண்டர் மகளுக்கு, அதாவது எங்கள் பிள்ளைக்கு, வாக்கு வந்துவிட்டது என்று. வெள்ளிக்கிழமை எங்கள் வாசலில் பெண்கள் தேங்காய் பழத்தோடு நின்றார்கள். மழை எப்போது வரும், மருமகள் எப்போது உண்டாவாள், மில்லில் வேலைக்குப் போன மகன் சௌக்கியமா என்று அவளிடம் கேட்டார்கள். அவள் "எனக்குத் தெரியாதுங்க" என்றால், ஆத்தா இன்றைக்குச் சொல்ல மாட்டேன் என்கிறாள், அடுத்த வெள்ளி வாரோம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அத்தனை பேரையும் நான் வாசலோடு விரட்டியிருப்பேன். என் வீட்டுக்காரர் விடவில்லை.

அவரையும் சொல்லிக் குற்றமில்லை. அதற்கு முந்தின வருஷம் பங்காளி காளிச்சாமி வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டபோது, "சீர் நடக்கற எடம், புள்ளையை மட்டும் ஊட்டுல உட்டுப்போட்டு வாங்க" என்று சொன்னார்கள். இவர் தனியாகப் போய், பந்தியில் உட்காராமல் திரும்பி வந்தார். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்கும் போனதில்லை. இப்போது அதே காளிச்சாமி வெற்றிலை பாக்கோடு வந்து, இரண்டாவது மகன் கல்யாணத்துக்குப் பிள்ளை முதல் ஆளாக வந்து பந்தலில் உட்கார வேண்டும் என்றான். அவன் போன பிறகு இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாலு பேரு முன்னால மூஞ்சியைக் காட்ட முடியாம இருந்தேன் ராசாத்தா. இப்பத்தான் நிமுந்து நடக்கறேன். அதையும் கெடுத்துப்போடாதே."

எனக்கு வாய் நீளம் என்கிறார்களே, அந்த வாய் அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை.

அவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். ஆத்தா தொட்ட பிள்ளை மண் தரையில் உட்காரலாமா என்றார். மஞ்சள் பாவாடை வாங்கிவந்தார். தச்சனிடம் சொல்லி ஒரு மணை செய்து ஆசாரத்தில் போட்டார். பொடக்காளிக்குப் போய் எருமைக் கன்றோடு புரளக் கூடாது, தீட்டு என்று சொல்லிவிட்டார்.

நான் வாத்தியாரிடம் போனேன். "நீங்க சொன்னதை நீங்களே அழிச்சுப்போடுங்க. மறுபடியும் கல்லை எறிஞ்சாலும் எறிஞ்சுட்டுப் போகட்டுமுங்க. நான் முள்ளை எடுத்துக்கறேன்."

அவர் முகம் செத்துப்போயிருந்தது. மறுநாள் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார், அவளும் உங்களைப் போல ஒரு பிள்ளைதான், நோய் வந்து கண் போனது, அவ்வளவுதான் என்று. தம்பிதுரை எழுந்து நின்று, "அப்ப அன்னைக்கு நீங்க சொன்னது பொய்யிங்களா?" என்று கேட்டானாம். "ஆமாப்பா, பொய்தான். கோவத்துல சொல்லிப்போட்டேன்" என்றார் வாத்தியார். எத்தனை வாத்தியாருக்குப் பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொல்ல மனசு வரும்?

ஆனால் அடுத்த வாரம் அவருக்குப் பல் வீங்கிக்கொண்டது. பல் வலி வராத வாத்தியார் எந்த ஊரில் இருக்கிறார்? ஒரு பக்கக் கன்னம் புடைக்க, வாயைத் திறக்க முடியாமல் அவர் கொட்டகையில் உட்கார்ந்திருந்ததைப் பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள். ஆத்தாளைப் பொய் என்று சொன்ன வாயை ஆத்தா என்ன செய்தாள் பார் என்று அவரவர் வீட்டில் போய்ச் சொன்னார்கள். அவர் ஆயிரம் தரம் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்த ஒரு வீக்கத்துக்கு முன்னால் நிற்காது. தெருவில் என்னைப் பார்த்தபோது நின்று, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "இனி நான் எதைச் சொன்னாலும் அது அவளைச் சாமியாத்தான் ஆக்குமுங்க அம்மணி." தை பிறந்ததும் மாற்றல் வாங்கிக்கொண்டு உடுமலைப்பேட்டைப் பக்கம் போய்விட்டார். எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரம் அப்போதும் போகவில்லை. ஆனாலும் வண்டியில் அவர் பெட்டியை ஏற்றும்போது நான் ஒருத்திதான் போய் நின்றேன்.

சரி, யாரும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருநாள் மத்தியானம், வீட்டுக்காரர் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம், வெங்கடலட்சுமியைக் கூப்பிட்டேன். வராமல் முறைத்துக்கொண்டு நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து ஆசாரத்தில் உட்கார வைத்து, இரண்டு பேருக்கும் தின்னக் கச்சாயம் கொடுத்தேன். "இங்க சாமியும் இல்லை, ஒண்ணும் இல்லை. ரெண்டு பேரும் கல்லாங்காய் ஆடுங்க" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன்.

என் மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மணையை விட்டு இறங்கித் தரையில் சம்மணம் போட்டுக்கொண்டாள். கல்லை மேலே போட்டு, கைக்கணக்கிலேயே பிடித்தாள். சிலது தவறியது, சிலது சிக்கியது. வெங்கடலட்சுமியின் முறை வந்தால் எல்லாக் கல்லும் தவறிக் கீழே விழுந்தன. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள் என் மகள்.

"நீ வேணும்னே உடறே."

"இல்லீங்க" என்றாள் வெங்கடலட்சுமி.

எட்டு வயதுப் பிள்ளை, கூடப் புழுதியில் புரண்ட பிள்ளையைப் பார்த்து அப்படிப் பேசியது. முறம் என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

"என்கிட்ட ஏண்டி அப்படிப் பேசறே? முன்னாட்டம் பேசு."

"சரிங்க."

பளார் என்று ஒரு சத்தம் கேட்டது. என் மகள்தான் அடித்தாள். அடித்த கையோடு தன் கன்னத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. "திருப்பி அடி கண்ணு, அவளை அடி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று நானே வெங்கடலட்சுமியிடம் கெஞ்சினேன். அந்தப் பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து என் மகள் காலுக்கு முன்னால் நெற்றியைத் தரையில் வைத்துவிட்டு, எழுந்து ஓடிவிட்டது.

மறுநாள் காலையில் அவள் அம்மா வெங்கடம்மாள் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. திட்டட்டும், என் மகளை நாலு வார்த்தை கேட்கட்டும், அது போதும் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவள் கையில் தட்டு இருந்தது. தேங்காய், மஞ்சள், வாழைப்பழம்.

"எம்பட புள்ளைக்குப் பொங்க நோம்பி முடிஞ்சதுல இருந்து காய்ச்சல் உட்டு உட்டு அடிச்சுதுங்க அக்கா. நேத்து ஆத்தா கை பட்டுது பாருங்க, அத்தோட எறங்கிப்போச்சு."

அந்த வெள்ளிக்கிழமை வாசலில் நின்ற கூட்டத்தை நான் எப்படிச் சொல்வேன். தேங்காய் பழத்தோடு நிற்கவில்லை, பிள்ளைகளோடு நின்றார்கள். ஊரில் இருந்த பிள்ளைகள் எல்லாம், தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, துவைத்த துணி போட்டு வரிசையில் நின்றன. மணியக்காரரே தம்பிதுரையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். ஆத்தா கையால் ஒரு அடி வாங்கிவிட்டால் இந்தக் கோடையில் அம்மை அண்டாதாம்.

என் மகள் முதலில் மாட்டேன் என்றாள். கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். அவள் அப்பா காதில் ஏதோ சொன்னார், கெஞ்சினார், அதட்டவும் செய்தார். தம்பிதுரை தானாகவே முன்னால் வந்து, அவள் முன் மண்டி போட்டுக் கன்னத்தைக் காட்டினான். அவள் தடவிப் பார்த்தாள். மூச்சுச் சத்தத்தில் இன்னான் என்று தெரிந்திருக்க வேண்டும். பிறகு அடித்தாள், உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து.

அவன் கண்ணில் நீர் வந்தது. கும்பிட்டுவிட்டு எழுந்து போனான். அடுத்தது வந்தது. அதையும் அடித்தாள். ஒவ்வொரு பிள்ளையையும் முந்தின பிள்ளையை விடப் பலமாக அடித்தாள். அடித்துவிட்டு ஒவ்வொரு தரமும் தன் கன்னத்தை முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு நொடி காத்திருந்தாள். அழுதுகொண்டே அடித்தாள். "ஆத்தா உக்கிரமா இருக்கா" என்று பெண்கள் குலவை போட்டார்கள். அந்த ஒரு நொடி எதற்கு என்று அத்தனை கூட்டத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் வந்தவர்களுக்கு விபூதி கொடுத்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயக் கூட்டம் கலைந்தது. அவர் காளிச்சாமியைப் பார்க்கக் கிளம்பிப் போனார். நான் அவளை மணையிலிருந்து இறக்கி என் மடியில் சாய்த்துக்கொண்டு, சிவந்து கன்றிப்போன உள்ளங்கைக்கு எண்ணெய் தடவினேன்.

"அம்மா, ஒருத்தருங்கூட அடிக்கலை."

"போகட்டும் உடு கண்ணு."

"நீயாவது அடிம்மா."

எழுந்து எனக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். முகத்தை நீட்டினாள். "சும்மா தட்டக் கூடாது. நெசமா அடிக்கோணும்."

நான் அவளை அடிக்காதவள் இல்லை. மோர்ப் பானையை உடைத்ததற்கு அடித்திருக்கிறேன், கண் போன பிறகும் தெருவில் தனியாக இறங்கியதற்கு அடித்திருக்கிறேன். அடித்துவிட்டு அரை நாழிகையில் சோறு ஊட்டியிருக்கிறேன். இதில் என்ன இருக்கிறது? ஒரு அடி அடித்தால் பிள்ளை பிள்ளையாகிவிடும். கையை ஓங்கினேன்.

கை இறங்கவில்லை. ஊரைத் திட்டினேன், வாத்தியாரைத் திட்டினேன், கட்டினவரைத் திட்டினேன், நான் மட்டும் தெளிவாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை, ஒருவேளை என்று எனக்குள்ளேயும் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. பல் வீங்கின வாத்தியார் நினைவுக்கு வந்தார். ஓங்கின கையை வைத்துக்கொண்டு நான் பெற்ற பிள்ளைக்கு முன்னால் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

அவள் காத்திருந்தாள். வெகுநேரம் கன்னத்தை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள். என் மூச்சு எப்படி ஓடுகிறது என்று அவளுக்குக் கேட்டிருக்கும், அவளுக்கு எல்லாம் கேட்கும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்து, பாவாடையைச் சரி செய்துகொண்டு, யாரும் சொல்லாமலே போய் மணையில் உட்கார்ந்துகொண்டாள்.